ஸ்னோமொபைல் பயணத்தில் கைகள் முதலில் உறைவது ஏன்?

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நாட்டின் ஏனைய பகுதிகளுடன் சாலையால் இணைக்கப்படவில்லை. குளிர்காலத்தில் வேட்டைக்குச் செல்லவும், உறைந்த கடலின் மீது மீன்பிடிக்கவும், அடுத்த ஊரில் இருக்கும் உறவினரைப் பார்த்து வரவும் அங்குள்ள இனுயிட் மக்கள் நம்பியிருப்பது ஸ்னோமொபைல் எனப்படும் பனி ஊர்தியைத்தான். முன்புறம் இரண்டு சறுக்குப் பலகைகளும், பின்புறம் என்ஜினால் சுழலும் அகன்ற ரப்பர் பட்டையும் கொண்ட இந்த வண்டி, அலாஸ்காவிலும் ஸ்காண்டிநேவியாவின் வடபகுதிகளிலும் அதே அளவுக்கு இன்றியமையாதது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இது பொழுதுபோக்காகவும் வளர்ந்து, 30 ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான பனித்தடங்கள் இதற்கென்றே பராமரிக்கப்படுகின்றன.

இந்த வண்டியில் செல்பவர்களின் உடலில் குளிருக்கு முதலில் பணிந்துவிடுகிற பகுதிகளில் முக்கியமானவை கைகள். விரல்கள் மரத்துப்போவது வெறும் அசௌகரியம் என்று நினைப்பது தவறு. வண்டியின் வேகம், பிரேக், திசை மூன்றும் விரல்களின் பிடியில்தான் இருக்கின்றன. விரல்கள் இயங்க மறுத்தால் வண்டியும் கட்டுப்பாட்டை மீறும். நடுவழியில் அது பழுதானால் அதைச் சரிசெய்யவோ, தீ மூட்டவோ, உதவிக்கு அழைக்கவோ முடியாமல் போகும்.

தடிமனான கையுறை ஒன்றை வாங்கி அணிந்துகொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலரும் கருதுகிறார்கள். ஆனால் கையின் குளிர், கையில் மட்டும் தொடங்குவதில்லை என்பதே உடலியல் ஆய்வுகள் சொல்லும் செய்தி.

ஓடிய மனிதன் உட்கார்ந்தபோது

ஸ்னோமொபைலின் வரலாற்றில் முக்கியமான பெயர் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே. கியூபெக்கின் வால்கூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த இந்த இயந்திர வல்லுநரின் இரண்டு வயது மகன் 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வயிற்று உறை அழற்சியால் இறந்தான். பனியால் சாலைகள் மூடிக் கிடந்ததால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. பனி மீது ஓடும் வண்டிகளில் ஏற்கெனவே நாட்டம் கொண்டிருந்த பொம்பார்டியே, 1937இல் தமது சுழல்பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்று, ஏழு பேர் அமரக்கூடிய மூடிய வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கினார்.

அந்த முதல் வண்டிகளில் பயணிகள் கூரைக்கும் கண்ணாடிக்கும் உள்ளே பாதுகாப்பாக அமர்ந்திருந்தனர். 1959இல் அவருடைய நிறுவனம் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் ஓரிருவர் மட்டுமே செல்லக்கூடிய, திறந்த, இலகுவான வண்டியை விற்பனைக்கு விட்டபோதுதான் நிலைமை மாறியது. மோட்டார் சைக்கிள் போல் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து, கைகளை முன்னால் நீட்டிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, எதிர்க்காற்றை நேரடியாக வாங்கிக்கொண்டு செல்லும் பயணம் அப்போது பரவலானது.

இந்த வண்டி பரவிய வேகம் வியப்புக்குரியது. 1960களின் தொடக்கத்தில் ஃபின்லாந்தின் வடபகுதிக்கு வந்த ஸ்னோமொபைல், சில ஆண்டுகளுக்குள்ளேயே அங்கு வாழும் சாமி இன மக்களின் வாழ்க்கையை எப்படி மாற்றியமைத்தது என்பதை, 'ஸ்னோமொபைல் புரட்சி' என்ற தலைப்பில் 1973இல் வெளியான நூலில் அமெரிக்க மானுடவியலாளர் பெர்ட்டி பெல்டோ விவரித்திருக்கிறார். 1968 ஏப்ரலில் அமெரிக்காவைச் சேர்ந்த ரால்ஃப் பிளெய்ஸ்டெட்டின் குழு ஸ்னோமொபைல்களிலேயே வடதுருவத்தை எட்டியது.

வேகத்தைக் கொடுத்த இந்த இயந்திரம், ஒன்றை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் சென்றவர்கள் வண்டியின் பின்னால் ஓடினார்கள், மேட்டில் தள்ளினார்கள், நாய்களை அவிழ்த்துக் கட்டினார்கள். சாமி மக்கள் துருவமான் மந்தையைப் பனிச்சறுக்குப் பலகைகளில் பின்தொடர்ந்தார்கள். இந்த உழைப்பில் தசைகள் வெப்பத்தை உற்பத்தி செய்தன. அந்த வெப்பம் இரத்தத்தின் வழியே விரல் நுனி வரை சென்றது. ஸ்னோமொபைல் ஓட்டுநரோ சமதளத்தில் செல்லும்போது பெரும்பாலும் அசையாமல் அமர்ந்திருக்கிறார். உடல் உண்டாக்கும் வெப்பம் குறைகிறது. அதே வேளையில் காற்றின் வேகம் பல மடங்கு கூடுகிறது.

காற்று செய்யும் கணக்கு

அசையாத காற்றில் தோலைச் சுற்றி மெல்லிய வெப்பக் காற்றுப் படலம் ஒன்று நின்று உடலைக் காக்கிறது. காற்று வீசும்போது இந்தப் படலம் அடித்துச் செல்லப்படுகிறது. இந்த விளைவை முதலில் அளந்தவர்கள், அண்டார்டிகாவில் ஆய்வு செய்த அமெரிக்கர்களான பால் சிப்பிள், சார்ல்ஸ் பேசல் ஆகியோர். பிளாஸ்டிக் உருளையில் இருந்த நீர் எவ்வளவு விரைவாக உறைகிறது என்பதைக் கணித்து அவர்கள் 1945இல் வெளியிட்ட முடிவுகள் பல பத்தாண்டுகள் பயன்பாட்டில் இருந்தன.

அந்தக் கணக்கு குளிரை மிகைப்படுத்துவதாக விமர்சனம் எழுந்ததால், 2001இல் கனடாவும் அமெரிக்காவும் இணைந்து புதிய சூத்திரம் ஒன்றை உருவாக்கின. அதற்கான சோதனை டொரொண்டோவில் உள்ள கனடியப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. குளிரூட்டப்பட்ட காற்றுச் சுரங்கத்தில் 12 தன்னார்வலர்கள் நடக்கவைக்கப்பட்டு, அவர்களின் முகத்தில் பொருத்தப்பட்ட கருவிகள் மூலம் வெப்ப இழப்பு அளக்கப்பட்டது.

இந்தச் சூத்திரத்தின்படி, வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 30 டிகிரி போல் இருக்கும். காற்றின் வேகம் 60 கிலோமீட்டர் என்றால் மைனஸ் 36 டிகிரி. வெப்பநிலையே மைனஸ் 30 டிகிரியாக இருந்து காற்றின் வேகம் 60 கிலோமீட்டராக இருந்தால், உணரப்படும் குளிர் ஏறத்தாழ மைனஸ் 50 டிகிரி. காற்றே வீசாத நாளிலும் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஸ்னோமொபைல் ஓட்டுநர் அந்தக் காற்றைத் தாமே உருவாக்கிக்கொள்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. எதிர்க்காற்று வேறு இருந்தால் இரண்டு வேகங்களும் ஒன்றுசேரும்.

இந்த அளவு மைனஸ் 28க்குக் கீழே செல்லும்போது திறந்த தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும் என்றும், மைனஸ் 40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடங்களும், மைனஸ் 48க்குக் கீழே 2 முதல் 5 நிமிடங்களுமே போதும் என்றும் கனடியச் சுற்றுச்சூழல் துறை எச்சரிக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டுப் படம் எடுக்க முனைபவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

உடல் எடுக்கும் முடிவு

கைகள் இவ்வளவு எளிதாகக் குளிர்வதற்கு அவற்றின் அமைப்பும் ஒரு காரணம். விரல்கள் மெல்லிய உருளைகள். அவற்றின் கன அளவோடு ஒப்பிட்டால் பரப்பளவு அதிகம். விரல்களை இயக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரல்களுக்குள் இருப்பது எலும்பும் தசைநாணும் தோலும்தான். எனவே விரல்கள் தாமாக உற்பத்தி செய்யும் வெப்பம் மிகக் குறைவு. அவை ஏறக்குறைய முழுவதும் இரத்தம் கொண்டுவரும் வெப்பத்தையே நம்பியிருக்கின்றன.

அந்த இரத்த ஓட்டத்தை மூளை கண்டிப்பாகக் கட்டுப்படுத்துகிறது. உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் தமனிகளையும் சிரைகளையும் நேரடியாக இணைக்கும் சிறப்பு இரத்தக் குழாய்கள் உள்ளன. உடலில் வெப்பம் மிகுதியாக இருக்கும்போது இவை திறந்து, கைகள் வழியே வெப்பத்தை வெளியேற்றுகின்றன. இதயம், மூளை, ஈரல் போன்ற உள்ளுறுப்புகளின் வெப்பம் குறையக்கூடும் என்ற அறிகுறி தெரிந்தவுடன் இவை இறுக மூடிக்கொள்கின்றன. திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் இடையில் விரல்களின் இரத்த ஓட்டம் நூறு மடங்கு வரை வேறுபடக்கூடும். சுருங்கச் சொன்னால், உயிரைக் காப்பாற்ற உடல் முதலில் விட்டுக்கொடுப்பது கைகளையும் கால்களையும்தான்.

விரல்கள் மிகவும் குளிர்ந்தபின், மூடிய குழாய்கள் சிறிது நேரம் திறந்து மீண்டும் மூடுவதை 1930இல் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் விவரித்தார். விரல்களுக்கு உடல் அளிக்கும் இந்த இடைக்கால உதவி, உடலின் மையப்பகுதி கதகதப்பாக இருக்கும்போது வலுவாகவும், உடலே குளிர்ந்திருக்கும்போது பலவீனமாகவும் இருக்கிறது.

இதை உறுதிப்படுத்தும் சோதனை ஒன்று 1990களில் டொரொண்டோவின் அதே பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் நடந்தது. மைனஸ் 25 டிகிரி குளிர் அறையில், கையுறை எதுவும் அணியாத நிலையில், மார்பையும் முதுகையும் மட்டும் மின்சாரத்தால் சூடாக்கும் உடையை அணிந்திருந்தவர்களின் விரல்கள் சில மணிநேரம் வரை இயங்கக்கூடிய வெப்பநிலையிலேயே இருந்தன. உடலில் தேவைக்கு மேல் வெப்பம் இருந்ததால், அதை வெளியேற்றுவதற்காக மூளை கைகளுக்கு இரத்தத்தைத் தொடர்ந்து அனுப்பியதே அதற்குக் காரணம்.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறைப் பாடம் எளிமையானது. கைகளைக் காக்க விரும்புபவர் முதலில் மார்பு, கழுத்து, தலை ஆகியவற்றைக் காக்க வேண்டும். காற்றுப் புகாத மேலங்கி, கழுத்தை மூடும் துணி, புறப்படும் முன் வயிறார உணவு, அவ்வப்போது இறங்கிச் சிறிது நடப்பது ஆகியவை கையுறைக்கு இணையான மதிப்புடையவை. மணிக்கட்டும் முக்கியம். அங்கே இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடுவதால், கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையில் ஒரு விரலளவு இடைவெளி இருந்தாலும் விரல்களுக்குச் செல்லும் இரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும்.

புகைபிடித்தால் நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி விரல்களின் குளிரை அதிகரிக்கும். மது உடம்புக்குச் சூடு தரும் என்ற நம்பிக்கையும் தவறானது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்துக் கதகதப்பு உணர்வைத் தந்தாலும், உடலின் உள்வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. ஆபத்தை அறியும் திறனையும் மழுங்கடிக்கிறது.

ஐந்து விரலும் ஒன்றாக

கையுறை தானாக வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. அதற்கு உதவுவது அதன் இழைகளுக்கு இடையே சிறைப்பட்டிருக்கும் காற்று. எனவே இறுக்கமான கையுறை இரண்டு வகையில் தீங்கு செய்கிறது. காற்றுக்கு அது இடம் விடுவதில்லை. இரத்த ஓட்டத்தையும் நெரிக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறைகளைத் திணித்து அணிபவர்களின் விரல்கள் பல வேளைகளில் முன்பைவிட விரைவாகக் குளிர்வது இதனால்தான்.

விரல்களைத் தனித்தனியே பிரிக்கும் கையுறையைக் காட்டிலும், கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்டு மற்ற நான்கு விரல்களையும் ஒரே பையில் சேர்க்கும் மிட்டன் வகை உறை அதிக வெப்பம் தருகிறது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டு வெப்பத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. குளிரில் படும் பரப்பும் குறைகிறது. நுணுக்கமான வேலைகளை மிட்டனோடு செய்ய முடியாது என்பதால், உள்ளே மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைக் கையுறையும் மேலே பெரிய மிட்டனும் அணிவது அனுபவமுள்ளவர்களின் வழக்கம். முடிச்சை அவிழ்க்கும்போது மிட்டனைக் கழற்றினாலும் வெறும் தோல் காற்றில் படாது.

இனுயிட் மக்கள் இந்த அறிவைப் பல தலைமுறைகளாகக் கைவசம் வைத்திருக்கிறார்கள். கரிபூ எனப்படும் துருவமானின் உரோமம் உள்ளே காற்றுப் பொதிந்தது என்பதால், அதன் தோலில் தைக்கப்படும் மிட்டன் மிக இலகுவாகவும் மிகுந்த கதகதப்பாகவும் இருக்கிறது. ஈரம் பட வாய்ப்புள்ள வேலைகளுக்கு நீரை எளிதில் உறிஞ்சாத கடல்நாய்த் தோல் பயன்படுகிறது. இரண்டு மிட்டன்களையும் ஒரு கயிற்றால் இணைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பலத்த காற்றில் கழற்றி வைத்த மிட்டன் பறந்துபோனால், அதைத் தேடி எடுப்பதற்குள் விரல்களை இழக்க நேரிடலாம் என்பதை உணர்ந்தவர்களின் ஏற்பாடு அது.

குளிரைவிட நயவஞ்சகமான எதிரி ஈரம். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. பனியில் புதைந்த வண்டியைத் தூக்கித் தள்ளும்போது கை வியர்க்கிறது. அந்த வியர்வை உள்துணியில் தங்கி, மீண்டும் பயணம் தொடங்கியவுடன் குளிர்ந்துவிடுகிறது. கனமான வேலை செய்யும்போது மெல்லிய கையுறைக்கு மாறுவதும், உலர்ந்த மாற்றுக் கையுறை ஒன்றை மேலங்கிக்குள் உடலோடு ஒட்டி வைத்திருப்பதும் நல்லது. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் அது உள்ளுறைக்கு ஏற்றதல்ல. கம்பளியோ நனைந்த நிலையிலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும்.

இயந்திரம் தரும் வெப்பமும் அதன் எல்லையும்

இன்றைய ஸ்னோமொபைல்கள் பெரும்பாலானவற்றில் கைப்பிடிகளுக்குள் மின்சூடேற்றி இருக்கிறது. என்ஜின் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் அது இயங்குகிறது. வலது கட்டைவிரலால் அழுத்தப்படும் ஆக்ஸிலரேட்டருக்கும் தனியாகச் சூடேற்றி பொருத்தப்படுகிறது. நாள் முழுவதும் ஒரே நிலையில் நீண்டு, மற்ற விரல்களின் துணையின்றித் தனித்து நிற்கும் அந்தக் கட்டைவிரலே பல ஓட்டுநர்களுக்கு முதலில் மரத்துப்போகிறது.

சூடான கைப்பிடியால் உள்ளங்கைதான் வெப்பம் பெறுகிறது. புறங்கை காற்றில்தான் இருக்கிறது. எனவே உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாகவும் புறங்கைப் பக்கம் தடிமனாகவும் தைக்கப்பட்ட கையுறைகள் ஸ்னோமொபைல் ஓட்டுவோருக்கென்றே விற்கப்படுகின்றன. இருபுறமும் தடிமனான கையுறை அணிந்தால் கைப்பிடியின் வெப்பம் விரலை எட்டாது. ஆனால் உள்ளங்கை மெலிந்த கையுறை, வண்டி நின்றவுடன் பயனற்றதாகிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தடிமனான மிட்டன் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும் என்று சொல்லப்படுவது இதனால்தான்.

காற்றைத் தடுப்பதே மின்சாரம் இல்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. உயரமான முன்கண்ணாடி, கைப்பிடிக்கு முன்னால் பொருத்தப்படும் தடுப்பு, கைப்பிடியையே மூடும் பெரிய உறை ஆகியவை இதில் அடங்கும். கைப்பிடி உறைக்குள் கையை விட்டால் மெல்லிய கையுறையே போதுமானதாக இருக்கும். எனினும் அதன் வாய் அகலமாக இருந்து கையை நொடியில் வெளியே எடுக்க முடிய வேண்டும். ஆக்ஸிலரேட்டரையோ பிரேக்கையோ அது அழுத்தாதவாறு பொருத்தப்பட வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் சூட்டுப் பொட்டலங்களில் இரும்புத் தூளும் உப்பும் கரித்தூளும் சிறிது ஈரமும் இருக்கின்றன. காற்றுப் பட்டவுடன் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கி, அந்த வேதிவினையில் பல மணிநேரம் வெப்பம் வெளிப்படுகிறது. காற்றே புகாத இறுக்கமான கையுறைக்குள் அவை சரியாக வேலை செய்யாது. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது என்பதால், பொட்டலத்தை வெறும் தோலில் வைத்தால் தீப்புண் ஏற்படலாம். பேட்டரியால் சூடாகும் கையுறைகளும் இப்போது பரவலாகிவிட்டன. ஆனால் கடுங்குளிரில் பேட்டரியின் திறன் வேகமாகக் குறைந்துவிடும்.

இவை அனைத்துக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. என்ஜின் நின்றால் கைப்பிடி குளிர்ந்துவிடும். பேட்டரி தீர்ந்தால் கையுறை வெறும் துணியாகிவிடும். வண்டி ஓடும் என்ற நம்பிக்கையில் மட்டும் உடுத்திக்கொண்டு ஊரைவிட்டு வெகுதூரம் செல்வது ஆபத்தானது.

வண்டி நின்றுபோனால்

பெரும்பாலும் பயணத்தின்போது அல்லாமல், வண்டி பழுதாகி நிற்கும்போதுதான் விரல்கள் பெரும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்கும், அறுந்த பட்டையைக் கழற்றுவதற்கும் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கும். கடுங்குளிரில் உலோகத்தை வெறும் கையால் தொட்டால் தோலின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோல் உரியும்.

பெட்ரோல் அதைவிடக் கொடியது. நீர் உறையும் வெப்பநிலைக்கு மிகக் கீழேயும் அது திரவமாகவே இருக்கிறது. மைனஸ் 30 டிகிரியில் உள்ள பெட்ரோல் விரலில் சிந்தினால், அதே குளிரோடு தோலில் படிவதோடு, ஆவியாகும்போது மேலும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. சில நொடிகளிலேயே தோல் உறைந்துவிடக்கூடும். எரிபொருள் நிரப்பும்போது அது ஊடுருவாத கையுறை அணிய வேண்டும் என்பது இப்பகுதிகளில் கண்டிப்பான விதி.

விரலின் தோல் வெப்பநிலை சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே நுண்ணிய வேலைகளில் தடுமாற்றம் தொடங்குகிறது. 8 டிகிரியை நெருங்கும்போது தொடு உணர்வு பெருமளவு மறைந்துவிடுகிறது. இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட முடியவில்லை என்றால், உடனே நின்று கைகளைச் சூடாக்க வேண்டும். கையைத் தோளிலிருந்து வட்டமாக வேகமாகச் சுழற்றினால் இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். அக்குளுக்குள்ளோ வயிற்றின் மீதோ கைகளை வைத்துக்கொள்வதும் பலன் தரும். புகைபோக்கியில் கை காய்ச்சுவது கூடாது. மரத்த கை வெந்துபோவது தெரியாது, நச்சுப் புகையும் ஆபத்தானது.

நாள்தோறும் வண்டி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பிடியின் அதிர்வு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் விரல்களின் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பாதிக்கப்பட்டு, சிறிது குளிர் பட்டாலும் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். ஸ்காண்டிநேவியாவின் துருவமான் மேய்ப்பர்களிடம் நடந்த ஆய்வுகள் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியுள்ளன. கைப்பிடியை இறுகப் பற்றாமல் தளர்வாகப் பிடிப்பது அதிர்வையும் குறைக்கும், இரத்த ஓட்டத்துக்கும் வழிவிடும்.

வலி நின்றால் ஆபத்து தொடங்குகிறது

குளிரில் விரல்கள் வலிப்பது நல்ல அறிகுறி. நரம்புகள் இன்னும் விழித்திருக்கின்றன என்பது அதன் பொருள். சூடாக்காமலேயே வலி நின்றுபோனால் பனிக்கடி, அதாவது தோலும் அதன் அடித்திசுக்களும் உறைதல், தொடங்கியிருக்கலாம். உறைந்த தோல் வெண்மையாகவும் மெழுகு போலவும் மாறும் என்றே பல கையேடுகள் குறிப்பிடுகின்றன. கருமை அல்லது மாநிறத் தோலில் அது சாம்பல் பூத்தது போலவோ மங்கிய மஞ்சளாகவோ தெரியக்கூடும். 1980களில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்ற இலங்கைத் தமிழர்கள் முதல், இன்று கனடாவில் விடுமுறைக்கு ஸ்னோமொபைல் வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் வரை, வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். நிறத்தை மட்டும் நம்பாமல், உணர்வு இருக்கிறதா, தோல் கடினமாகிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது.

உறைந்த கையைப் பனிக்கட்டியால் தேய்க்க வேண்டும் என்ற தவறான வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1812இல் நெப்போலியனின் படையோடு ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, தீயருகே சூடாக்கப்பட்ட உறுப்புகள் அழுகியதைக் கண்டு, பனியால் தேய்க்குமாறு பரிந்துரைத்தார். அந்தக் கருத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. அலாஸ்காவின் மருத்துவர் வில்லியம் மில்ஸ் போன்றோரின் பணிகளுக்குப் பிறகே, வெதுவெதுப்பான நீரில் விரைவாகச் சூடாக்கும் முறை நிலைபெற்றது. இப்போது 37 முதல் 39 டிகிரி வரையிலான நீரில், தோல் மென்மையாகி நிறம் திரும்பும் வரை கையை அமிழ்த்தி வைப்பது பரிந்துரைக்கப்படுகிறது. தேய்ப்பது உறைந்த திசுக்களைச் சிதைக்கும். மீண்டும் உறையும் வாய்ப்பு இருக்கும்போது வழியிலேயே உருக்குவதும் கூடாது. ஒருமுறை உருகி மறுபடி உறைந்த திசு மீள்வது அரிது.

மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சையும் அண்மைக் காலத்தில் முன்னேறியிருக்கிறது. இரத்தக் கட்டிகளைக் கரைக்கும் மருந்துகள், உறைந்த கை சூடேறிய முதல் 24 மணிநேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் விரல்களைக் காக்க உதவும். இரத்தக் குழாய்களை விரிக்கும் இலோப்ரோஸ்ட் என்ற மருந்தைக் கனடாவின் யூக்கான் பிரதேச மருத்துவர்கள் பயன்படுத்திய அனுபவம் 2016இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளியானது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கடுமையான பனிக்கடியில் விரல்களை வெட்டி அகற்ற நேரிடும் ஆபத்தைக் குறைப்பதற்காக இந்த மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.

இந்த மருந்துகளின் பலன் பெருமளவில் நேரத்தைப் பொறுத்தது. மருத்துவமனைக்கு விமானத்தில்தான் செல்ல முடியும் என்ற நிலையிலுள்ள ஊர்களில், முதல் நாளுக்குள் சிகிச்சை தொடங்குவது எப்போதும் சாத்தியமாவதில்லை. ஆகவே, புறப்படும் முன் உடலை முழுமையாகக் காத்துக்கொள்வதும், மாற்று மிட்டனை உடன் கொண்டுசெல்வதும், விரல்களில் உணர்வு குறையத் தொடங்கியதுமே வண்டியை நிறுத்துவதும்தான் அங்குள்ளவர்களுக்கு இன்றும் மிக நம்பகமான பாதுகாப்பாக இருந்துவருகின்றன.